வந்த வழியே திரும்பியதற்காக

ஒருவர் மீது புகார் வந்தால், அவருடைய விளக்கத்தைக் கேட்காமல் நடவடிக்கை எடுக்கக் கூடாது. வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்த காலமெல்லாம் இதை எத்தனையோ கோப்புகளில் எழுதியிருக்கிறேன். என் வீட்டு மாடியில் குடியிருந்த கணினி ஆசிரியைக்கு மட்டும் அந்த விதி ஏனோ வந்து சேரவில்லை.

அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு பள்ளியில் அவருக்குத் தற்காலிகப் பணி. கணினிகள் வந்து இறங்கிவிட்டன. மின் இணைப்புக்கு அனுமதி வரவில்லை. ஆகவே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளையே கணினியாக்கினார். மைதானத்தில் சுண்ணாம்புக் கட்டங்கள். ஒரு பிள்ளை கட்டளைகளை எழுதும். இன்னொன்று அதன்படியே நடக்கும். ‘மணி அடிக்கும் வரை வேப்ப மரத்தைச் சுற்று’ என்றால் சுற்றிக்கொண்டே இருக்கும். எழுதியதில் பிழை இருந்தால் சுவரில் போய் முட்டி நிற்கும். யாரும் திட்டமாட்டார்கள். நின்ற இடத்திலிருந்து ஒவ்வொரு கட்டளையாக வந்த வழியே திரும்பி நடந்து, பிழை எங்கே என்று அந்தப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும். காலை நடையின்போது வேலியோரம் நின்று பார்த்திருக்கிறேன். என் பணிக்காலத்தில் எந்தக் கோப்பும் தன் பிழையைத் தேடி அப்படித் திரும்பியதில்லை.

மலையை வலமாக மட்டுமே சுற்றும் ஊர் இது. திரும்பி நடந்த பிள்ளைகள் மரத்தை இடமாகச் சுற்றியதை, கிரிவலப் பாதையில் பூக்கடை வைத்திருந்த ஒரு தகப்பன் பார்த்துவிட்டார்.

“இன்னா மேடம் இது? சாவுக்குத்தான் இடமா சுத்துவாங்க. எம் பொண்ண இப்பவே சுத்த வுடறீங்களே!”

“தப்பு எங்க இருக்குதுன்னு பாக்கணும்னா வந்த வழியேதானங்க திரும்பணும்?”

பூக்கடைக்காரர் பள்ளியில் புகார் எழுதிக் கொடுத்தார். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று ஆசிரியையிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள்.

கல்வி அலுவலகத்துக்கு மேல்முறையீட்டை நானே எழுதினேன். “பிள்ளைங்க சித்திரையோட வேற பள்ளிக்கூடம் போயிடுவாங்க சார். அதுக்குள்ள பாடத்த முடிச்சுக் குடுக்கணும்” என்பதுதான் அவருடைய கவலை. பூக்கடைக்காரரையும் போய்ப் பார்த்தேன். “மரத்த அப்படிச் சுத்தாதீங்கன்னுதான் சார் சொன்னேன். வேலய வுட்டுத் தூக்குங்கன்னா சொன்னேன்?” என்றார். அதையே எழுதித் தரும்படி கேட்டேன். “எழுதிக் குடுத்ததாலதான சார் இவ்ளோவும்!” என்றார். ஆனாலும் எழுதிக் கொடுத்தார்.

சித்திரை வந்தது. பிள்ளைகள் பிரிந்து போனார்கள். ஆசிரியை மாடியைக் காலி செய்துவிட்டு, கீழ்பென்னாத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பல மாதம் கழித்து என் முகவரிக்குப் பதில் வந்தது: புகார் கைவிடப்படுகிறது, அதே மாணவர்களுக்கு அதே பாடத்தை அவர் தொடரலாம். தொலைபேசியில் படித்துக் காட்டினேன்.

“எந்தப் பிள்ளைங்களுக்கு சார்?” என்றார்.

உத்தரவைக் கடைசி வரியிலிருந்து ஒவ்வொரு வரியாகப் பின்னோக்கிப் படிக்கத் தொடங்கினேன். அன்று கார்த்திகை தீபத்துக்கு மறுநாள்; கிரிவலப் பாதையில் கூட்டம் இன்னும் மலையை வலமாகவே சுற்றிக்கொண்டிருந்தது.