கிருத்திகை விரதமும் லாக்கப்பில் கேட்ட தண்ணீரும்

குன்றத்தூர் மலைக்குக் கிருத்திகை தவறாமல் வரும் அடியார்களே, என் காவலில் இருந்த ஒரு மனிதர் என் கண் முன்னாலேயே சாகக் கிடந்தார். அவரை அந்த நிலைக்குக் கொண்டுபோனவன் நான். முருகன் அவரைக் காப்பாற்றினான் என்று உங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். முன்பாதியை மட்டும் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது.

எழுபதுகளின் கடைசி. பெங்களூர் ரோட்டை ஒட்டிய ஒரு போலீஸ் ஸ்டேஷனில் நான் கான்ஸ்டபிள். கத்திரி வெயில். லாக்கப்புக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஜன்னல் கிடையாது. உள்ளே ஒரே ஆள், கன்னியப்பன். புதிதாகக் கம்பெனி கட்டுகிற இடத்தில் கம்பி காணாமல் போனதென்று சந்தேகத்தில் பிடித்து வந்திருந்தார்கள். ஏட்டையா கோர்ட்டுக்குக் கிளம்பும்போது சொன்னார்: “தண்ணி நெறைய குடுக்காதய்யா. குடுத்தா ஒண்ணுக்குப் போவணும்பான். நீ தனி ஆளா கதவத் தொறந்து, அவன் ஓடிட்டான்னா உன் வேல போயிடும்.”

அன்று கிருத்திகை. பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் விரதம். அதில் எனக்குக் கர்வம் வேறு.

பதினோரு மணி இருக்கும். கன்னியப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். “சார், நாக்கு ஒட்டிக்கினு கீது. ஒரு வாய் தண்ணி குடுங்க சார்.”

“நானே காலையிலேந்து தண்ணி குடிக்காமதான் உக்காந்திருக்கேன். உனக்கு இன்னாடா?” என்றேன்.

பானை என் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நான் வராந்தாவில் வேப்பமரத்துக் காற்று வாங்கிக்கொண்டு விரதம் இருந்தேன். அவர் அடுப்புக்குள் இருந்தார். அந்த வித்தியாசம் எனக்கு உறைக்கவே இல்லை. இன்னும் இரண்டு முறை கேட்டார். பிறகு கேட்கவில்லை. அடங்கிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மணிக்கு மேல் உள்ளே உளறல் கேட்டது. யார் யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டார். நடிக்கிறான் என்று சும்மா இருந்தேன். அப்புறம் சுருண்டு விழுந்தார். கம்பி வழியாகக் கைவிட்டுத் தொட்டேன். உடம்பு கொதித்தது. அந்த வெக்கையிலும் ஒரு சொட்டு வியர்வை இல்லை. கதவைத் திறக்கவும் பயம், திறக்காமல் இருக்கவும் பயம். கண்ணை இறுக மூடிக்கொண்டு, “முருகா, இந்த உசுர எடுத்துக்காத. என்னக் கொலகாரனா ஆக்காத” என்று அழுதேன்.

அப்போது முனியம்மா வந்தார். ஸ்டேஷனைக் கூட்டிப் பெருக்குகிறவர். அதற்கு முன் செங்கல் சூளையில் வேலை பார்த்தவர்.

“இன்னா சார், சாமி கும்புட்டுகினு நிக்கிற? மொதல்ல கதவத் தொற” என்றார். என்னை ஒருமையில் பேசியது அன்றுதான்.

திறந்தேன். இரண்டு பேருமாகத் தூக்கி மர நிழலில் கிடத்தினோம். நான் பதறிப்போய் சொம்பை அவர் வாயில் வைத்தேன். முனியம்மா தட்டிவிட்டார். “நெனவில்லாத ஆளுக்கு வாயில ஊத்தினா பொறையேறி செத்துப்பூடுவான். ஒடம்புல ஊத்து.” சூளையில் இப்படி விழுந்தவர்களை அவர் பார்த்திருக்கிறார். சட்டையைக் கழற்றி, பானைத் தண்ணீர் முழுவதையும் தலையிலும் மார்பிலும் ஊற்றினோம். நான் கேஸ் கட்டு அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தேன். பிறகு ரோட்டில் வந்த லாரியை மறித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

“இன்னும் அரை மணி விட்டிருந்தா பொணத்ததான் கொண்டாந்திருப்பீங்க” என்றார் டாக்டர்.

சாயங்காலம் கன்னியப்பன் கண் திறந்தார். என்னைப் பார்த்து முதலில் கேட்டது இதுதான்: “சார், நீங்க இன்னும் தண்ணி குடிக்கலியா?”

கிண்டல் இல்லை. நிஜமாகவே விசாரித்தார். நான் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதேன்.

ஆளைக் காப்பாற்றினேன் என்று மேலதிகாரி எனக்குப் பாராட்டு எழுதினார். வாங்கிக்கொண்டேன். முனியம்மா பேரைக்கூட நான் சொல்லவில்லை.

அதன்பின் எந்த ஸ்டேஷனுக்கு மாற்றலானாலும், வெயில் காலத்தில் பானையை லாக்கப்பில் இருப்பவருக்குக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கிறேன். கூரைமேல் ஓலை போட்டுத் தண்ணீர் தெளிக்கிறேன். மணிக்கொரு தரம் பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன். பதில் குழறினால் ஏட்டையாவுக்காகக் காத்திருப்பதில்லை, உடனே ஆஸ்பத்திரிதான். இத்தனை செய்தும் மனசு ஆறவில்லை. அதனால்தான் இன்று உங்கள் முன் முழுவதையும் சொல்லிவிட்டேன்.

நீங்களும் முருகனை நம்பிக் கூப்பிடுங்கள். தாகத்துக்குத் தண்ணீர் தராத நான் கூப்பிட்டதற்கே முனியம்மாவை அனுப்பினான். உங்களுக்கு அனுப்பாமலா இருப்பான்?