அம்மா ஜெபித்த நாட்களுக்கு அடித்த கோடு

இருபத்தொரு நாள் எங்கள் வீட்டில் குடும்ப ஜெபமே நடக்கவில்லையாம். உபதேசியார் சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்த இருபத்தொரு நாளும் நான் சிங்கப்பூர் காலேஜிலிருந்து விடுமுறைக்கு வந்து பினாங்கு ஜெலுத்தோங் வீட்டில்தான் கிடந்தேன். தினமும் அம்மா ஜெபித்து முடிப்பதற்குள் என் சோறு ஆறிப்போனது. நடக்காத ஜெபத்துக்குச் சோறு எப்படி ஐயா ஆறும்?

விஷயம் இதுதான். எங்கள் சபையில் வீட்டுக்கு ஓர் அட்டை கொடுப்பார்கள். நாளுக்கு ஒரு கட்டம். சாயங்கால ஜெபம் முடிந்ததும் குடும்பத் தலைவர் கையெழுத்துப் போடவேண்டும். அட்டை சரியாக இருந்தால்தான் அந்த வீட்டுப் பிள்ளைக்குத் திடப்படுத்தல். திடப்படுத்தல் ஆனால்தான் பெரியவர்களோடு முழங்காலிட்டு ராப்போஜன அப்பமும் ரசமும் வாங்கலாம். அதை நடத்தும் அத்தியட்சர் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் பினாங்குக்கு வருவார். இந்தத் தடவை என் தங்கையின் முறை. பதினாலு வயது. வெள்ளைச் சட்டை தைத்து, பெட்டியில் மடித்து வைத்து, நாளுக்கு நான்கு தடவை திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. அந்த மாதம் முழுக்கச் சாயங்காலக் கப்பல் வேலை. ஆகவே அம்மாதான் ஜெபம் நடத்தினார், அம்மாதான் கையெழுத்துப் போட்டார். உபதேசியார் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இது யாரு கையெழுத்தும்மா?"

"என்னோடதுதாங்க ஐயா. அவருக்குக் கப்பல் வேலை."

"நீங்க பண்ணுனது ஜெபம்தான், நான் இல்லேங்கல. ஆனா குடும்ப ஜெபம்னு எழுத முடியாதும்மா. தலை இல்லாம குடும்பமா?"

"தலை கப்பல்ல நின்னு சாக்கு எண்ணிக்கிட்டு இருக்கு. அதுக்கும் சோறு வேணும்ல?" என்றேன் நான்.

"காலேஜு தம்பி பேசுது லா," என்று சிரித்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தவர் முகம் மலர்ந்தது. "அட, வீட்டுலயே ஆம்பள இருக்காரே! இன்னும் ஏழு நாள் இருக்கு. தம்பி நடத்தட்டும். கடைசி நாள் நான் வந்து உக்காருறேன். அட்டையப் பாஸ் பண்ணிடலாம்."

நான் கோயில் வாசலை மிதித்து இரண்டு வருஷம் ஆகிறது. சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்குப் பந்து விளையாட்டு. இந்த மனுஷன் எனக்கு ஜெபிக்கத் தெரியுமா என்று கேட்டாரா? கடவுளை நம்புகிறேனா என்றாவது கேட்டாரா? மீசை இருக்கிறது, போதும்! பதினெட்டு வருஷமாக எங்களைப் பக்கத்தில் உட்காரவைத்து ஜெபிக்கப் பழக்கிய அம்மாவுக்குச் சிவப்புக் கோடு. எனக்கு, ஜெபம் நடத்த அப்பா உட்காரும் பிரம்பு நாற்காலி.

"முடியாதும்மா. நான் உக்கார மாட்டேன்," என்று கத்தினேன்.

"உன் கோவத்த நீ வச்சுக்க. அவளுக்கு இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்டா தம்பி," என்றார் அம்மா. தங்கை பெட்டியை மூடினாள். உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டு ஜெபத்துக்கு அம்மா வைத்த சட்டம் ஒன்று உண்டு. பாயில் உட்கார்ந்ததும் ஒவ்வொருவரிடமும் கேட்பார்: "இன்னிக்கு யாரப் பாத்தே? அவங்களுக்கு என்ன வேணும்?" பதில் சொல்லாதவனுக்குச் சோறு கிடையாது. இதற்குப் பயந்தே நாங்கள் பள்ளிக்கூடத்திலும் பசாரிலும் மனிதர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நடப்போம். பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டியின் கால் வீக்கம், மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்ட பால்காரர் மனைவியின் பிரசவம், ரொட்டி விற்கும் மாமாவின் ஊரிலிருந்து வராத கடிதம், எல்லாம் எங்கள் ஜெபத்தில் வரும். வேதபாடப் பரீட்சையில் நான் பரிசு வாங்கியிருக்கிறேன். ஆனால் எனக்கு மதம் என்று ஏதாவது ஒட்டியிருந்தால் அது இந்தக் கேள்வியில் ஒட்டியதுதான்.

அந்தச் சட்டம் எனக்கு எதிராகவே திரும்பியது. நாற்காலியில் உட்கார்ந்து வேதத்தில் ஓர் அதிகாரத்தை வாசித்தேன். கண்ணை மூடினேன். சொல்ல ஒன்றுமில்லை! நான் யாரையும் பார்த்திருக்கவில்லை. நாள் முழுக்க உபதேசியாரைத் திட்டிக்கொண்டிருந்தவன் எவன் முகத்தைப் பார்ப்பேன்? புத்தகத்திலிருந்த ஜெபம் ஒன்றை வாசித்துத் தள்ளினேன். ஆறு நாளும் அப்படியே. ஆறு கையெழுத்தும் என்னுடையவை.

ஏழாம் நாள் உபதேசியார் வந்து சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்தார். அதிகாரம் முடிந்தது. புத்தகத்தை எடுக்கக் கை போனது. எடுக்க மனம் வரவில்லை.

"அம்மா, நீங்க ஜெபிங்க," என்றேன்.

உபதேசியாரின் ஒரு கண் திறந்தது. அம்மா என்னை முறைத்தார். தங்கையின் முகம் வெளுத்துவிட்டது. என் வீம்பு அவளுடைய இரண்டு வருஷத்தைத் தின்னப்போகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அம்மா தங்கையின் பக்கம் திரும்பினார். "இன்னிக்கு யாரப் பாத்தே?"

"உபதேசியார் ஐயாவ," என்றாள். "சைக்கிள்ல ஏறாம முக்குலேருந்து உருட்டிக்கிட்டே வந்தாரும்மா. முட்டி வலி போல."

அம்மா கண்ணை மூடினார். அந்த முழங்காலுக்காக ஜெபித்தார். மழையிலும் வெயிலிலும் வீடு வீடாக அலையும் மனுஷன் ஆண்டவரே, அவர் சாப்பிட்டாரா என்று கேட்க ஆளில்லை, வலியை நீரே எடுத்துப்போடும் என்றார். கோபத்தின் வாசனைகூட இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. முடிந்ததும் அறையிலேயே சத்தமாக "ஆமென்" சொன்னது உபதேசியார்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சரி, மனுஷன் திருந்திவிட்டார் என்று நினைத்தேன். அட்டையை வாங்கினார். ஏழாம் கட்டத்தைக் காட்டி, "தம்பி, இதுலயும் கையெழுத்துப் போட்டுடுங்க," என்றார்!

"ஐயா, ஜெபிச்சது..."

"போடுடா," என்றார் அம்மா.

போட்டேன்.

தங்கைக்குத் திடப்படுத்தல் ஆனது. வெள்ளைச் சட்டையில் ராப்போஜனம் வாங்கித் திரும்பியபோது அவள் முகத்தைப் பார்த்தேன். அதைப் பற்றி எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. சண்டை அதற்குப் பிறகு. உபதேசியார் சபை நடுவில் எழுந்து, தகப்பன் இல்லாத நேரத்தில் வீட்டு ஜெபத்தைத் தாங்கிய காலேஜ் வாலிபன் என்று என்னை நிறுத்திவைத்துப் புகழ்ந்தார். ஆண்கள் பக்கம் எல்லாரும் முதுகில் தட்டினார்கள். பெண்கள் பக்கம் அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்து குதித்தேன். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"உன் தங்கச்சி ராப்போஜனம் எடுத்தாளா இல்லையா? அப்புறம் என்னடா? அட்டைக்கா ஜெபம் பண்ணோம்?"

அம்மாவுக்கு அது போதும். எனக்குப் போதவில்லை, இன்றைக்கும். புது மாத அட்டை வந்தது. அப்பாவிடம் காட்டினேன். "எழுது லா, எனக்கென்ன," என்றார். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அம்மாவின் பெயரை மையால் எழுதி உபதேசியாருக்கு அனுப்பினேன். சிவப்புக் கோடு அடித்துத் திருப்பி அனுப்பினார். வேறோர் அட்டையில் எழுதினேன். அதுவும் திரும்பியது. மூன்றாவதை நேற்று நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி மேசை மேல் கவிழ்த்து வைத்தார். சிவப்புப் பென்சில் பக்கம் கை போனது, எடுக்கவில்லை.

முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அம்மா கேட்கச் சொன்னார்.