ஐந்தருவியில் அப்பாவைத் தேடிய நாள்

அப்பா குடிபோதை மறுவாழ்வு இல்லத்திலிருந்து திரும்பிய வருடம், எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாக மூச்சுவிடவில்லை. அப்பா செருப்பைத் தேடினால் அம்மா வாசலுக்கு வந்துவிடுவாள். கடைக்குப் போனவர் திரும்பத் தாமதமானால் அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனை வரை போவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விதிவிலக்கு. அன்று சாயங்காலம் தென்காசியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடக்கும் கூட்டத்துக்கு அவளே சட்டை தேய்த்துக் கொடுத்து அனுப்புவாள். என்ன கூட்டம் என்று கேட்டால், "பேசுத கூட்டம்ட்டி" என்பாள். வீட்டில் வாயே திறக்காத மனிதர் அங்கே போய் என்னதான் பேசுவார் என்பது எனக்குத் தீராத சந்தேகம்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் அம்மாவின் தம்பி, என் மாமா, புளியங்குடியிலிருந்து வேன் பிடித்து வந்து எங்களையும் ஏற்றிக்கொண்டார். மாமா நல்லவர், கூட வருகிற எல்லோரையும் சந்தோஷப்படுத்தாமல் விடமாட்டார். ஐந்தருவியில் பெண்கள் பக்கம் குளித்துவிட்டு நாங்கள் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது, வேனின் பின்சீட்டில் ஒரு பாட்டில் திறந்திருந்தது. அப்பாவைக் காணவில்லை.

"எங்கனலே அவுக?"

"இங்கனதாங்க்கா நின்னாவ. குளுருக்கு ஒரு மூடி குடிங்க அத்தான்னேன். செருப்ப மாட்டிட்டு எங்கயோ போயிட்டாவ. இதுல என்ன இருக்கு?"

அம்மா அவரைத் திட்டக்கூட நிற்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். எண்ணெய் தேய்க்கிற இடம், சிப்ஸ் கடை, பலாச்சுளை வண்டி என்று எங்கே பார்த்தாலும் அப்பா உயரத்தில் யாரோ ஒருவர் முதுகு காட்டி நின்றார். ஒவ்வொரு முதுகையும் சுற்றிப் போய் முகத்தைப் பார்த்தாள். ஒரு லாட்ஜ் சந்துக்குள் ஆண்கள் கூடி நின்று குடித்துக்கொண்டிருந்தார்கள். என்னையும் கூட்டிக்கொண்டே அதற்குள் நுழைந்தாள். அப்பா கிடைக்க வேண்டும், ஆனால் இங்கே கிடைத்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

கடைசியில், குற்றாலம் போகிற சாலையில் ஒரு டீக்கடை பெஞ்சில் அவர் இருந்தார். பக்கத்தில், பட்டுக்கரை வேட்டியும் கழுத்து நிறையச் சந்தனமுமாக, முன்பின் தெரியாத ஒருவர் அப்பாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தார்.

அம்மா நேராகப் போய் அப்பாவின் முகத்தருகே குனிந்தாள். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பார்க்க, டாக்டரிடம் தொண்டையைக் காட்டுகிற பிள்ளையைப் போல அப்பா வாயை அகலத் திறந்தார்.

"குடிக்கல தங்கச்சி," என்றார் அந்த மனிதர். "குடிக்கணும்போல இருக்குன்னு போன் போட்டாரு. நான் வாரது வரைக்கும் பெஞ்ச விட்டு அசையக்கூடாதுன்னேன். அசையல."

"நீங்க யாரு அண்ணாச்சி?"

"நானும் குடிகாரந்தாம்மா. ஞாயித்துக்கிழம கூட்டத்துக்கு வாரவன்."

அவருடைய போன் அடித்தது. "காது குத்தியாச்சா? பிள்ள அழுதாளா?" என்று கேட்டார். எதிர்முனையில் ஒரு பெண் சத்தம் போடுவது எங்களுக்கே கேட்டது. "பந்தியப் போடச் சொல்லு. வந்துருதேன்," என்று வைத்தார். வைத்தவர் எழுந்திருக்கவில்லை. அப்பாவுக்கு இன்னொரு டீ சொன்னார்.

அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பாட்டிலோடு வந்த மாமாவைக்கூட எங்கள் வீட்டில் யாரும் குடிகாரன் என்று சொன்னதில்லை. தன்னைத் தானே குடிகாரன் என்று நடுரோட்டில் சொல்லிக்கொள்கிற ஒருவரை அம்மா எதற்காகக் கும்பிடுகிறாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. வெட்கமாக இருந்தது. "போவோம்மா, போவோம்மா" என்று அவள் ஈரச் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே நின்றேன்.