பள்ளிவாசல் ஸ்பீக்கர் இரைந்த நேரம்

இன்று நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன் எங்கள் பள்ளிவாசல் ஸ்பீக்கர் திடீரெனக் கடலைப் போல இரைந்தது. கரையோரச் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடியது.

ரேடியோ, ஸ்பீக்கர் திருத்துகிறவன் நான். பிறகு போய் ஆம்ப்ளிஃபயர் பெட்டியைத் திறந்தேன்.

"உப்புக் காத்துக்குத் துரு புடிக்குமே மகன். நோம்பும் வருதெண்டு வயரக் கழட்டி, உள்ளுக்கும் பெயிண்ட் அடிச்சன்," என்றார் பாங்கு சொல்லும் மோதினார், தலை குனிந்தபடி.

மைக் வயரைச் சுற்றிய கம்பி வலை, பெட்டிக்குள் நுழையும் இடத்தில் வெறும் இரும்பைத் தொட வேண்டும்; நடுவில் பெயிண்ட் இருந்தால் இரையும். பெயிண்டைச் சுரண்டி, வலையைக் கிளிப்பால் இறுக்கினேன். இரைச்சல் நின்றது.

சுனாமி வந்து ஐந்து வருஷம். நாட்டில் சண்டையும் முடிந்துவிட்டது.

அது வயர் இரைச்சல்தான் என்று கேட்டவுடனே எனக்குத் தெரியும். ஆனாலும் உம்மாவை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

வழியில் என் ஒற்றைச் செருப்பு விழுந்துவிட்டது. கண்டவர்கள் சொல்லுங்கள்.