பார்க்க மட்டும் அனுமதி

ராமேஸ்வரத்தில் விசைப்படகுகளுக்கு டோக்கன் வழங்கும் அலுவலகத்தின் கணினிப் பதிவுகளை ஒப்பந்த ஊழியனாகிய நான் கவனித்துவந்தேன். தரவுத்தளத்தில் தம்மைவிட எனக்கு அனுமதி அதிகம் என்பதைப் புது அதிகாரி கண்டுபிடித்தார்.

"இங்கன ஆபீசர் நீயா, நானா?"

விளைவுகளை எடுத்துச் சொல்லியும் பயனில்லை. நிர்வாகி உரிமையை அவருக்கு மாற்றினேன். பதிவுகளைப் பார்க்கும் உரிமை மட்டும் எனக்கு மிஞ்சியது.

அவர் சென்னை சென்றிருந்தபோது ஒரு மீனவர் வந்தார். வேறொரு படகை நீக்கப்போய் எண்ணைத் தவறாக அடித்து, இவர் படகின் பதிவை அதிகாரி ரத்து செய்திருந்தார். டோக்கன் இல்லாமல் மறுநாள் கடலுக்குப் போக முடியாது.

"தப்புன்னு தெரியுதுல்ல தம்பி, மாத்துங்க."

"என்னால பாக்கத்தான் முடியும்ணே."

"பாக்க நான் போதாதா? நீங்க எதுக்கு?"

அதிகாரியை அழைத்தேன்; மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. விடிந்ததும் படகுகள் கிளம்பின. அந்த மீனவருடையது மட்டும் கரையில் கிடந்தது.