எதிர்மரத்தில் ஒரு முடிச்சு

சோதியண்ணைக்கு வலம் இடம் தெரியாது. இதை அவருடைய முதுகுக்குப் பின்னால் சொல்லவில்லை. முகத்துக்கு நேரே பலதரம் சொல்லியிருக்கிறேன், அவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டியிருக்கிறார். இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்த முதல் கிழமை, ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டிலிருந்து பாண் வாங்கப் போனவர், மத்தியானம் துறைமுகத்தில் நின்றார். பாண் கையில்தான் இருந்தது. எப்படி அங்கே போனீர்கள் என்று கேட்டால், "நேரை தானே வந்தனான்" என்றார். அந்த நேர் எந்த நேர் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

முழுப்பெயர் சோதிலிங்கம். கொக்குவிலில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவர். யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாமல் கார்களுக்குள் கோழி அடைந்த காலத்தில் சைக்கிள்தான் பஸ், சைக்கிள்தான் லொறி. ஆகவே அவர் அங்கே பெரிய ஆள். இங்கே லிபெர்த்தா தெருவில் ஒரு பல் வைத்தியர் வீட்டில் நிலம் துடைத்தார், சட்டி பானை கழுவினார். அவருடைய மனைவி குகனேஸ்வரி அக்கா அதே தெருவில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொண்டார். நான் மன்னார்க்காரன், பீலிக்ஸ். அவர்களுக்குப் பக்கத்து அறையில் இருந்தேன், அவர்களுடைய அடுப்பில்தான் சாப்பிட்டேன்.

பல் வைத்தியரை நாங்கள் எல்லோரும் தொத்தோரே என்போம். அவருக்கு ஒரு விசர் இருந்தது, மலையில் சைக்கிள் ஓடுவது. ஒருநாள் அவருடைய மவுண்டன் பைக்கின் பின்சில்லு நெளிந்து கிடந்ததை, கேட்காமலே சோதியண்ணை கம்பி முறுக்கி நேராக்கிவிட்டார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் தொத்தோரேயும் அவருடைய சைக்கிள் கழகக்காரரும் அண்ணையைக் காரில் ஏற்றிக்கொண்டு போவார்கள், ஒட்டுப் போடவும் செயின் பூட்டவும். அங்கே கண்டதை வந்து சொல்லும்போது அண்ணை உண்மையிலேயே குழம்பிப்போயிருப்பார்.

"பீலிக்ஸ், கரியர் இல்லை, மட்காட் இல்லை, பெல் இல்லை, ஸ்டாண்டும் இல்லை. விலையைக் கேட்டா மயக்கம் வரும். அதைக் காருக்கு மேலை ஏத்திக்கொண்டு போய், றோட்டே இல்லாத இடத்திலை இறக்கி ஓடுறாங்கள். சந்தைக்கும் போகேல்லை, வேலைக்கும் போகேல்லை. என்னத்துக்கடாப்பா ஓடுறாங்கள்?"

எனக்கும் தெரியவில்லை. பணக்காரருக்கு விழுந்தெழும்ப ஆசை வந்தால் நாங்கள் என்ன செய்வது என்று சொல்லிவைத்தேன்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு பங்குனியில் தொத்தோரேயின் கழகம் ஒரு போட்டி வைத்தது. ஃபவோரிதாக் காட்டுக்குள் தொடங்கி, பைன் மரங்களுக்குள்ளால் மொந்தே பெல்லெக்ரீனோ மலையில் ஏறி, மேலே மரமில்லாத புல்வெளியைக் கடந்து, கடலைப் பார்த்தபடி இறங்கும் பாதை. பாதைக்கு அடையாளம் கட்டும் வேலையை அண்ணையிடம் கொடுத்தார்கள். சிவப்பும் வெள்ளையுமான பிளாஸ்டிக் நாடா ஒரு பெரிய சுருள். எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்க மரத்தில் கட்ட வேண்டும், அவ்வளவுதான். இது சரியாக நடந்தால், கழகம் திறக்கப்போகும் சைக்கிள் திருத்தகத்தில் அவரையே வைக்கிறேன் என்றும் தொத்தோரே சொல்லியிருந்தார்.

அன்று இரவு அண்ணை சாப்பிடவேயில்லை. "திருப்பி ஸ்பானர் பிடிக்கப்போறன், பீலிக்ஸ்" என்று சொல்லிச் சொல்லித் தன் கையையே பார்த்தார். நிலம் துடைக்கும் மருந்து பட்டுத் தோல் உரிந்த கை.  அந்தக் கையைப் பார்க்காமல், வலம் இடம் தெரியாத ஆளிடம் வழி கேட்கிறார்களே, கழகம் உருப்பட்டமாதிரித்தான் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஆகவே சனிக்கிழமை நானும் கூடப் போனேன். இந்த ஊரின் காவல் புனிதை சாந்தா ரோசாலியாவின் குகைக்கோவிலுக்கு மேலே, புல்வெளி தொடங்கும் இடத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கம் கடலுக்கு, இடப்பக்கம் யூகலிப்டஸ் காட்டுக்குள். அதில் நின்று அண்ணை தன் சோற்றுக்கையைத் தூக்கிப் பார்த்தார், என்னையும் தூக்கச் சொன்னார். இரண்டு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றதைக் கண்டு ஒரு கிழவன் தொப்பியைக் கழற்றிவிட்டுப் போனான். வலப்பக்கத்துப் பைன் மரத்தில் அண்ணை நாடாவைக் கட்டினார். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். மிஞ்சிய சுருளைக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்தார்.

ஞாயிறு காலை போட்டி தொடங்கியபோது நாங்கள் கீழே நின்றோம். சாந்தா ரோசாலியாவிடம் நடந்துபோகும் பெண்களோடு குகனேஸ்வரி அக்கா விடியவே மலைக்குப் போயிருந்தார். பிள்ளையார் படத்துக்கு முன்னால் விளக்கேற்றுகிறவர்தான். ஆனால் மலைமேல் இருக்கும் தெய்வம் எதுவானாலும் அவருக்குச் சம்மதம். அவருடைய தம்பி பிரணவன் முந்தின ஐப்பசியில், சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணச் சனம் முழுவதும் வெளியேறிய இடப்பெயர்வில் காணாமற்போனவன். நாவற்குழிப் பாலத்தில், சாமான் ஏற்றிய சைக்கிளைச் சனத்துக்குள்ளே உருட்டிக்கொண்டு போனதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். பாலத்துக்கு அங்கால் கண்டவர்கள் இல்லை. அன்றிலிருந்து அக்கா அவன் வந்துசேர நேர்ந்து ஒரு இலங்கைக் காசை மஞ்சள் துணியில் முடிந்து, பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்.

முதல் ஆள் கடற்கரைப் பக்கம் இறங்கி வரவேண்டிய நேரம் போய்விட்டது. ஒருவரும் வரவில்லை. தொத்தோரே மணிக்கூட்டைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார். பிறகு எங்கள் முதுகுப்பக்கம் சத்தம் கேட்டது. தொடங்கிய இடத்துக்கே வந்துகொண்டிருந்தார்கள், ஒருவன் முள்ளுக் கீறலோடு, ஒருவன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு. காட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தோம் என்றார்கள். சிலர் கத்தினார்கள், சிலர் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அண்ணையின் முகம் வெளிறிவிட்டது. "நான் வலப்பக்கம் தானே கட்டினனான், பீலிக்ஸ்?" என்றார். ஓம் என்றேன். சொல்லும்போதே எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. நான் தூக்கியது எந்தக் கை?

தொத்தோரே எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு மேலே போனார். போய்ப் பார்த்தால், வலப்பக்க மரத்தில் நாடா இருக்கிறது. இடப்பக்க மரத்திலும் இருக்கிறது! இடப்பக்கத்தது சற்று உயரத்தில், பளிச்சென்று தெரிகிறது.  ஒரே நாடா, ஒரே சுருள். சுருள் எங்கள் குசினி மேசையில் கிடந்தது.

அண்ணை இடப்பக்க மரத்துக்கு அருகே போனார். கையை உயர்த்தி முடிச்சைத் தடவினார். அவருடைய விரல் அப்படியே நின்றது. நான் கிட்டப்போனேன். நாடாவுக்கு உள்ளிருந்து மஞ்சள் துணி ஒரு நுனி தெரிந்தது. நான் தொட்டபோது உள்ளே வட்டமாக, கட்டியாக ஒன்று தட்டுப்பட்டது.

இரண்டு மரத்திலும் கட்டியது யார் என்று தொத்தோரே கேட்டார்.

அண்ணை எனக்கு முன்னே வாய் திறந்தார். இத்தாலியனில், மெதுவாக, "நான்தான்" என்றார். பிழையாக இடப்பக்கம் கட்டிவிட்டுப் பிறகு சரியாக வலப்பக்கம் கட்டியதாகவும், முதல் கட்டியதை அவிழ்க்க மறந்துபோனதாகவும் சொன்னார். மனிதர் அவ்வளவு கோர்வையாக இத்தாலியன் கதைத்து நான் கேட்டதேயில்லை. தொத்தோரே கெட்டவர் இல்லை. கத்தவில்லை. திருத்தகத்துக்கு வேறு ஆளைப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார். மலையில் உள்ள நாடா எல்லாவற்றையும் அவிழ்த்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அண்ணை, உமக்கென்ன விசரோ? உள்ளுக்கு இருக்கிற காசைக் காட்டியிருந்தா விளங்கியிருக்குமே அந்தாளுக்கு!"

"விளங்கியிருக்கும். பிறகு தன்ரை கண்முன்னாலையே அவிழ் எண்டிருப்பார்" என்றார். "அவ முடிஞ்சு கட்டினதை நான் என்னெண்டு அவிழ்க்கிறது?"

மலை முழுவதும் நடந்து ஒவ்வொன்றாக அவிழ்த்தோம். அந்த ஒன்றை மட்டும் விட்டோம்.  வழியில் ஒரேயொரு தரம், "அப்ப நான் சரியாத்தான் கட்டியிருக்கிறன், என்ன?" என்று கேட்டார். ஓம் அண்ணை, சரியாகத்தான் கட்டினீர்கள் என்றேன். அவருடைய வாழ்நாளில் முதல்தரம் அவருக்கு வலம் எது என்று தெரிந்திருந்தது. அதை ஊருக்குச் சொல்ல முடியாமல் போய்விட்டது.

பொழுதுபட வீட்டுக்கு வந்தோம். அக்கா குழம்பு கொதிக்க வைத்துவிட்டு எங்களுக்காகக் காத்திருந்தார். நாங்கள் கேட்க முன்னரே அவரே சொன்னார்.

"இஞ்சேருங்கோ, உங்கடை நாடாவிலை கொஞ்சம் வெட்டினனான். மஞ்சள் துணி மரத்தைச் சுத்தக் காணாது. சைக்கிள் பெடியள் போற பாதையிலை கட்டினால் நல்லதெண்டு மனசுக்குப் பட்டுது. மேலை வழி பிரியிற இடத்திலை ஒரு மரத்திலை நீங்கள் கட்டியிருந்தியள். அதிலை கைவைக்கப்படாதெண்டு எதிர்மரத்திலை கட்டினன். பிழையில்லைத்தானே?"

"ஒரு பிழையும் இல்லை" என்றார் அண்ணை.

"போட்டி என்ன மாதிரி?"

"பெடியள் வழி மாறிப் போட்டாங்கள்."

அக்காவின் கையிலிருந்த அகப்பை நின்றது. "ஐயோ. பிறகு?"

"பிறகென்ன, வந்து சேந்திட்டாங்கள்."

"எல்லாருமோ?"

"எல்லாரும்."

அக்கா அகப்பையைச் சட்டிக்குள் வைத்தார். இரண்டு கையையும் சீலையில் துடைத்துவிட்டுப் பிள்ளையார் படத்தைப் பார்த்தார். பிறகு யன்னலுக்கு வெளியே, மலை இருக்கும் பக்கத்தைப் பார்த்தார். அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. முகமோ சிரித்தது.

"அப்ப மலைமேலை இருக்கிறவ கேட்டிருக்கிறா" என்றார். "நான் கட்டின அண்டைக்கே வழி மாறினதுகள் எல்லாத்தையும் கொண்டுவந்து விட்டிருக்கிறா."

நான் அண்ணையைப் பார்த்தேன். அண்ணை என்னைப் பார்த்துக் கண்ணால் வேண்டாம் என்றார். பிறகு மூன்று சாப்பாட்டுக் கோப்பைகளையும் எடுத்து மேசையில் வைத்து, தானே சோற்றைப் போட்டார்.