அவளுடைய ஈர்க்கு

லயத்து வரிசை வீடுகளில் எங்கள் காம்பராவின் ஜன்னல் சட்டத்தில் ஓர் ஈர்க்கு செருகியிருக்கும். விளக்குமாற்றிலிருந்து உருவியது, ஒரு சாண் நீளம். மாலையில் ஒன்லைன் வாசிப்பு வகுப்புக்கு உட்காரும்போது அதை எடுத்துக்கொள்வேன். டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டங்களிலும் உள்ள சின்னப் பிள்ளைகள் வீட்டு ஃபோனில் வந்து சேருவார்கள். திரையில் கதைப் புத்தகம் விரியும். எழுத்தின் கீழே விரலை வைத்தால் பக்கம் ஓடிவிடும். ஈர்க்கை வைத்தால் ஓடாது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தபோது, "டீச்சருக்கு எப்புடித்தான் இப்புடியெல்லாம் தோணுதோ" என்று ஒரு தாய் மெச்சினார். நான் சிரித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். அது எனக்குத் தோன்றியதே அல்ல. என் அத்தை மகளுக்குத் தோன்றியது.

கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது, ஹட்டனிலிருந்து ஓர் அக்கா தோட்டத்துப் பிள்ளைகளுக்காக இந்த மாதிரி ஒரு வகுப்பைத் தொடங்கினார். அவரைக் கதையக்கா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் காம்பராவுக்கும் அத்தை காம்பராவுக்கும் ஒரே சுவர். இரண்டு வீட்டுக்கும் அப்பாவின் ஃபோன் ஒன்றுதான். நான் படபடவென்று வாசிப்பேன். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல. அத்தை மகள் என்னைவிட ஒரு வயது மூத்தவள், ஆனாலும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். விரல் வைக்காமல் அவளுக்கு வாசிக்க வராது. விரல் பட்டதும் பக்கம் ஓடிவிடும். "போச்சு, மறுபடியும் போச்சு" என்று தலையில் அடித்துக்கொள்வாள். ஒரு நாள் எழுந்து போய் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவிக்கொண்டு வந்தாள். பக்கம் அசையவில்லை. அன்றிலிருந்து அந்த ஈர்க்கு எங்கள் ஜன்னலில்தான் இருந்தது.

வாசிக்கும்போது ஒரு கண்ணைச் சுருக்குவாள். தலை ஒரு பக்கம் சாயும். சொல்லை முதலில் உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்து, சரிதான் என்று தெரிந்த பிறகே வாய்விட்டுச் சொல்வாள். அவள் ஒரு பக்கம் முடிப்பதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். ஆனாலும் விடவில்லை. முதன்முதலாக ஒரு கதையை முழுசாக முடித்த அன்று, மலையிலிருந்து திரும்பிய அத்தையைக் கொழுந்துச் சாக்கை அவிழ்க்கக்கூட விடாமல் வாசலிலேயே நிறுத்தி வாசித்துக் காட்டினாள். அத்தை தூறலில் நின்றபடியே கடைசி வரைக்கும் கேட்டார்.

ஊர் திறந்ததும் கதையக்கா கேமராவோடு வந்தார். வகுப்புக்கு உதவி செய்கிறவர்களுக்கு ஏதாவது காட்ட வேண்டுமாம். "வாசிக்கத் தெரியாதப்ப ஒன்னு, இப்ப ஒன்னு, ரெண்டு வீடியோ வேணும். தொடக்கத்துல எடுக்க மறந்துட்டோம்" என்றார். அத்தை மகள் தலைக்குக் குளித்து, தீபாவளிச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். உண்மையாகவே முன்பு தெரியாமல் இருந்து பிறகு தெரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதானே. ஈர்க்கோடு உட்கார்ந்து வாசித்தாள். தப்பில்லாமல்தான் வாசித்தாள். கதையக்கா பாதியிலேயே கேமராவை இறக்கிவிட்டார். "நல்லா வாசிக்கிறீங்க தங்கச்சி. வீடியோவுக்கு இன்னுங் கொஞ்சம் வேகம் வேணும்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க வாங்க. மொதல்ல தெரியாத மாதிரி வாசிங்க. அப்புறம் ஒங்க மாதிரி வாசிங்க."

தெரியாத மாதிரி எப்படி வாசிப்பது? எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு மாதிரிதான். அவள் வைத்துவிட்டுப் போன ஈர்க்கைக் கையில் எடுத்தேன். ஒரு கண்ணைச் சுருக்கினேன், தலையைச் சாய்த்தேன், உதட்டுக்குள் முணுமுணுத்தேன். கதையக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிக்கச் சிரிக்க எனக்கு உற்சாகம் ஏறியது; அவள் ஒருநாளும் திக்காத இடத்தில்கூடத் திக்கினேன். வாசல் நிலையைப் பிடித்தபடி அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கதையக்கா போன பிறகு கேட்டாள்: "அது நாந்தானே?"

"சும்மா நடிப்புத்தானே, ஒனக்கென்ன?" என்றேன்.

என் கையிலிருந்த ஈர்க்கை வாங்கி, இரண்டாக முறித்து அடுப்பில் போட்டாள்.

வீடியோ முகநூலில் வந்தது. லயமே பார்த்தது. அத்தை, "இது நம்ம புள்ள வாசிக்கிற மாதிரியே இருக்கே" என்று சிரிக்கத் தொடங்கி, மகளின் முகத்தைப் பார்த்ததும் ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் வகுப்பில் உட்காரவே இல்லை. கூப்பிட்டால் "தல வலிக்குது" என்பாள். பின்னர் கொழும்புப் பக்கம் கார்மென்ட் வேலைக்குப் போய்விட்டாள். எல்லாவற்றுக்கும் அந்த வீடியோதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், வீட்டு நிலைமையும் இருந்தது. ஆனால் இன்றுவரை எனக்கு ஒரு வரி எழுதி அனுப்பியதில்லை. எல்லாம் குரல் செய்திதான். "சாப்டியா புள்ள?" என்று அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் எனக்கு வெட்கத்தில் காது சுடும். வீடியோவை எடுத்துவிடச் சொல்லிக் கதையக்காவிடம் கேட்டுப் பார்த்தேன். "நெறையப் பேரு பாத்தது தங்கச்சி, அத எப்புடி எடுக்கிறது?" என்றார். நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அதில் நான் அழகாக இருந்தேன்.

போன தீபாவளிக்கு லீவில் வந்திருந்தாள். வகுப்பு நடக்கும்போது பலகாரத் தட்டோடு உள்ளே வந்தவள், கேமராவில் படாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் பல் விழுந்த ஒரு சின்னப்பெண் ஈர்க்கை வைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். அத்தை மகள் அந்த ஈர்க்கைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்ததைப் பார்த்தாள். எனக்குத் தலை நிமிரவில்லை. பிள்ளை ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நின்றபோது, இவளுடைய உதடு சத்தமில்லாமல் அந்தச் சொல்லைச் சொன்னதைக் கண்டேன்.

வகுப்பு முடிந்ததும் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று, "அந்த ஈர்க்கு..." என்று ஆரம்பித்தேன்.

"அந்தப் புள்ளய வீடியோ எடுத்துறாத" என்றாள்.

"எடுக்க மாட்டேன்."

என் கையிலிருந்து ஈர்க்கை வாங்கினாள். முறிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். ஜன்னல் சட்டத்தில், பழைய இடத்திலேயே அதைச் செருகிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.